பாம்புக் கடிக்கு மருந்து தேடிய ராஜ வைத்தியர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் காயலோரத்துக் கிட்டங்கிகளின் பின்புறம் தண்ணீர் ஏறும். மூட்டையைத் தேடி எலி உள்ளே வரும். எலியைத் தேடி அதன் பின்னால் இன்னொன்றும் வரும். அடுக்கிலிருந்து ஒரு சாக்கை இழுக்கும்போது யாராவது "பாம்பு!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சுமை தூக்குகிறவர் சுமையைப் போட்டுவிட்டு ஓடுவார், கணக்குப் பிள்ளை மேஜை மேல் ஏறுவார்.

பெரும்பாலும் அது ஒன்றுமறியாத சாரைப் பாம்பாகத்தான் இருக்கும். ஆனால் யாரையாவது கடித்துவிட்டால் அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். "கயிற்றால் இறுக்கிக் கட்டு" என்பார் ஒருவர். "பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்று" என்பார் மற்றவர். கடிவாயில் கோழியை வைத்தால் விஷத்தை இழுத்துவிடும் என்பார் மூன்றாமவர். விஷக்கல் வைத்திருப்பவரின் வீட்டுக்கு வழி சொல்வார் நான்காமவர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் பிழைத்த கதையையும் கூடவே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஆள் பிழைத்தது உண்மைதான். எதனால் பிழைத்தார் என்பதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க, சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் ஒரு டாக்டர் பல வருஷங்களைச் செலவிட்டார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கௌரவ வைத்தியராக விளங்கியவர் அவர். வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவருடைய உயிருக்குக் காவலாக உடன் வந்தவரும் அவரே. பெயர் சர் ஜோசப் ஃபேரர். இளவரசர்களுக்கு நாடி பிடித்தவர் என்பதை விட, செருப்பில்லாமல் வயலில் நடக்கிற ஏழையின் சாவை முதன்முதலாகக் கணக்கெடுத்தவர் என்பதற்காகவே நாம் அவரை நினைக்க வேண்டும்.

நண்பனுக்குக் கப்பல் காட்டியவர்

ஃபேரர் 1824-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிளிமத்தில் பிறந்தார். தந்தை கடற்படை அதிகாரி. லண்டனில் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். அங்கே அவருக்கு ஒரு சகமாணவர் இருந்தார். படிப்பை முடித்துவிட்டு, கையில் காசில்லாமல், என்ன வேலைக்குப் போவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார் அந்த நண்பர். "கடற்படை வைத்திய இலாகாவின் தலைவருக்கு நேரே ஒரு கடிதம் எழுதிப் பாரேன்" என்று யோசனை சொன்னார் ஃபேரர்.

நண்பர் எழுதினார், வேலையும் கிடைத்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட கப்பலின் பெயர் 'ராட்டில் ஸ்நேக்'. அதாவது, வாலில் கிலுகிலுப்பை உள்ள அமெரிக்க விஷப் பாம்பின் பெயர்! அந்தக் கப்பலில் போய்க் கடல் உயிர்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்தான் விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுடைய பரிணாமக் கொள்கைக்காக மேடையில் வாதாடிய அதே ஹக்ஸ்லி. நண்பனைப் பாம்புக் கப்பலில் ஏற்றிவிட்ட ஃபேரருக்கும் பாம்புதான் வாழ்க்கை முழுவதற்கும் துணை என்று அப்போது யார் கண்டார்கள்?

1850-ல் ஃபேரர் வங்காள ராணுவ வைத்தியப் பிரிவில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். பர்மா யுத்தத்தில் பணி செய்தார். 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அவரை லக்னோ ரெசிடென்ஸியின் டாக்டராக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 28.

லக்னோவில் ஒரு வீடு

1857-ல் வெடித்த புரட்சியைச் 'சிப்பாய்க் கலகம்' என்றார்கள் ஆங்கிலேயர். நாம் முதல் சுதந்திரப் போர் என்கிறோம். லக்னோ ரெசிடென்ஸி முற்றுகைக்குள்ளானது. உள்ளே சிக்கியவர்களில் ஃபேரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். முதல் உதவிப் படை உள்ளே வந்து சேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை குண்டுக் காயம், காலரா, பேதி, அம்மை எல்லாவற்றுக்கும் நடுவில் டாக்டரின் வீடே ஆஸ்பத்திரியாக இருந்தது.

பீரங்கிக் குண்டில் காயம் பட்ட தலைமை அதிகாரி சர் ஹென்றி லாரன்ஸை அந்த வீட்டுக்குத்தான் தூக்கி வந்தார்கள். 1857 ஜூலை 4-ந் தேதி அவர் அங்கேயே இறந்தார். லக்னோவுக்குப் போகிறவர்கள் இன்றும் ரெசிடென்ஸி இடிபாடுகளுக்கிடையே 'டாக்டர் ஃபேரர் வீடு' என்ற பலகையோடு நிற்கும் சுவர்களைப் பார்க்கலாம்.

கையில் மருந்தில்லாமல் ஓர் உயிர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படிப்பட்டது என்பதை 32 வயதிலேயே பார்த்துவிட்டவர் ஃபேரர். பாம்புக் கடியில் அதையே மறுபடியும் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

11,416 சாவு

1859-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பேராசிரியரானார். ஊரில் மதிப்பு உயர்ந்தது. 1867-ல் வங்காள ஆசியக் கழகத்தின் தலைவர் பதவி கிடைத்தது. கல்கத்தாவில் ஒரு மிருகக்காட்சி சாலை வேண்டும் என்று அந்த ஆண்டே யோசனை கூறினார்.

இந்தக் காலத்தில்தான் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் பாம்பு கடித்து வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? புலி அடித்துச் செத்தால் பத்திரிகையில் வரும். வெள்ளைக்காரத் துரையைப் பாம்பு கடித்தால் பெரிய செய்தி. களை எடுக்கப் போன பெண் வரப்பில் விழுந்து செத்தால் யார் எழுதி வைப்பார்கள்?

ஃபேரர் மாகாண அரசாங்கங்களிடமிருந்து கணக்குகளைக் கேட்டு வாங்கினார். சுமார் 12 கோடி மக்கள் வாழ்ந்த பகுதிகளிலிருந்து வந்த கணக்கின்படி, 1869-ஆம் ஆண்டில் மட்டும் பாம்பு கடித்து இறந்தவர்கள் 11,416 பேர். இது முழு நாட்டின் கணக்கல்ல. கணக்குக் கொடுத்த இடங்களிலும் பதிவாகாத சாவு ஏராளம். உண்மைத் தொகை இதைவிட மிகப் பெரியது என்று அவரே எச்சரித்தார்.

அடுத்த கேள்வி: இதற்கு மருந்து உண்டா? அந்த நாளில் மருந்துகளுக்குப் பஞ்சமே இல்லை. மூலிகை வேர்கள் இருந்தன. விஷக்கல் இருந்தது. நம் தஞ்சாவூர்ப் பெயரைத் தாங்கிய 'தஞ்சாவூர் மாத்திரை' ஒன்று வெள்ளைக்காரர்கள் நடுவிலேயே பிரசித்தமாக இருந்தது. அதில் பாஷாணம் கலந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழ மண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற டாக்டரே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அந்த ரஸ்ஸலின் பெயர்தான். இவை போதாதென்று ஆஸ்திரேலியாவிலிருந்து ஹால்ஃபோர்டு என்ற பேராசிரியர், அம்மோனியாவை ரத்தக் குழாயில் ஏற்றினால் கடிபட்டவர் பிழைப்பார் என்று அறிவித்திருந்தார்.

ஃபேரர் இவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பாம்பாட்டிகள் கொண்டு வந்த நல்ல பாம்புகளையும் விரியன்களையும் விட்டு நாய்களையும் கோழிகளையும் மற்றப் பிராணிகளையும் கடிக்க வைத்தார். மருந்து கொடுத்தும் பார்த்தார், கொடுக்காமலும் பார்த்தார். எத்தனை நிமிஷத்தில் என்ன நடந்தது என்று குறித்து வைத்தார். இன்று படிக்கும்போது அந்த ஜீவன்களை நினைத்து மனம் சங்கடப்படும். ஆயினும் அந்தக் குறிப்புகளில் ஒளிவு மறைவு கிடையாது.

1872-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. 'தனடோஃபிடியா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'சாவு தரும் பாம்புகள்' என்று பொருள். நம் நாட்டு விஷப் பாம்புகளின் வண்ணப் படங்கள் அதில் உண்டு. வரைந்தவர்கள் கல்கத்தா ஓவியப் பள்ளியில் பயின்ற வங்காளி இளைஞர்கள். செதில் செதிலாக எண்ணி எழுதிய அந்தப் படங்களை வல்லுநர்கள் இன்றும் வியக்கிறார்கள்.

ஆனால் நூலின் முடிவு என்ன? தாம் சோதித்த எந்த மருந்தும் முழு அளவு விஷம் ஏறிய உயிரைக் காப்பாற்றவில்லை என்பதே. அம்மோனியாவும் பலிக்கவில்லை, வேர்களும் பலிக்கவில்லை, கல்லும் பலிக்கவில்லை.

அப்படியானால் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? இங்கேதான் ஃபேரர் முடிச்சை அவிழ்த்தார். கடித்த பாம்பு பல சமயம் விஷமில்லாத பாம்பு. விஷப் பாம்பாகவே இருந்தாலும் ஒவ்வொரு கடியிலும் சாகும் அளவுக்கு விஷம் இறங்குவதில்லை. அந்த ஆள் எந்த மருந்தும் இல்லாமலே பிழைத்திருப்பார். நடுவில் யார் என்ன கொடுத்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். நிஜமாகவே விஷம் ஏறியவரோ கல் வைத்தாலும் செத்துப்போவார். 'விதி முடிந்தது' என்று சொல்லிவிடுவார்கள். பிழைத்தால் மருந்தின் பெருமை, செத்தால் விதியின் குற்றம். இப்படிப்பட்ட மருந்துக்குத் தோல்வியே கிடையாதல்லவா?

மூச்சை நிறுத்தும் விஷம்

உடல் நலம் கெட்டு 1872-ல் இங்கிலாந்து திரும்பிய ஃபேரர் ஓய்வெடுக்கவில்லை. லண்டனில் லாடர் பிரண்டன் என்ற டாக்டரோடு சேர்ந்து விஷம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். 1873 முதல் 1875 வரை அந்த முடிவுகளை ராயல் சொசைட்டியில் வெளியிட்டார்கள்.

நல்ல பாம்பின் விஷம் நரம்பும் தசையும் சேரும் வேலையைக் கெடுத்து மூச்சை நிறுத்துகிறது. இதயம் அதற்குப் பிறகும் சிறிது நேரம் துடிக்கிறது. துருத்தி போன்ற கருவியால் செயற்கையாக மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கடிபட்ட பிராணியின் உயிரை மணிக்கணக்கில் நீட்டிக்க முடிந்தது. மருந்து கிடைக்கவில்லை; ஆனால் ஒரு வழி தெரிந்தது. அந்த நாளில் அதை மனிதனுக்குப் பயன்படுத்த வசதி இல்லை. இந்த விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இளவரசரோடு தமிழ்நாட்டில்

1875-ல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் எட்வர்டு, இந்தியச் சுற்றுப் பயணம் புறப்பட்டார். அவர் தந்தை ஆல்பர்ட் 1861-ல் இறந்தது டைஃபாய்டால் என்று சொல்லப்பட்டது. இளவரசரே 1871-ல் டைஃபாய்டு கண்டு சாகப் பிழைக்கக் கிடந்தவர். அப்படிப்பட்ட வாரிசைக் காலராவும் மலேரியாவும் நிறைந்த நாட்டுக்கு அனுப்புவதென்றால் சும்மாவா? துணைக்கு யாரை அனுப்புவது என்று யோசித்தபோது ஃபேரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன் 1870-ல் இளவரசரின் தம்பி எடின்பரோ கோமகன் இந்தியாவுக்கு வந்தபோதும் கூடப் போனவர் இவரே.

'செராபிஸ்' கப்பல் 1875 நவம்பரில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. மலையாளக் கரையில் இறங்கி மைசூர் போவதாகத் திட்டம். தெற்கே காலரா என்று தகவல் வந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கப்பல் நேரே கொழும்புக்குப் போயிற்று. அதனால் நம் கொச்சித் துறைமுகத்துக்கு இளவரசரைப் பார்க்கும் வாய்ப்பு இல்லாமல் போனது.

கொழும்பிலிருந்து தூத்துக்குடி. அங்கிருந்து புதிதாகப் போட்ட ரயில் பாதையில் மதுரை. பிறகு திருச்சி, ஸ்ரீரங்கம். டிசம்பர் 13-ல் சென்னை. சென்னைத் துறைமுகத்துக்கு இளவரசர் அடிக்கல் நாட்டியது இந்தப் பயணத்தில்தான். ஊர் ஊராகத் தோரணமும் மேளமும் வரவேற்றபோது, குடிக்கும் தண்ணீர் என்ன, சமைப்பவன் யார், முகாமுக்கு அருகே நோய் உண்டா என்ற கவலை டாக்டருடையது. 1876 ஜனவரி 1-ந் தேதி கல்கத்தாவில் அலிப்பூர் மிருகக்காட்சி சாலையை இளவரசர் திறந்து வைத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாம் சொன்ன யோசனை நிறைவேறியதை ஃபேரர் அருகே நின்று பார்த்தார்.

பயணம் நல்லபடி முடிந்ததும் 'சர்' பட்டம் வந்தது. இந்தியா ஆபீசின் வைத்தியக் குழுவுக்கு 1874 முதல் 1895 வரை அவரே தலைவர். 1896-ல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம். விக்டோரியாவுக்கும், 1901-ல் அரியணை ஏறிய ஏழாம் எட்வர்டுக்கும் கௌரவ வைத்தியர். ஒரு டாக்டர் எட்டக்கூடிய உயரம் எல்லாம் எட்டினார்.

அவர் தவறே செய்யாதவரும் அல்லர். காலராவுக்குக் காரணமான கிருமியை ராபர்ட் காஹ் 1884-ல் கல்கத்தாவில் உறுதி செய்தபோது, அதை ஏற்க மறுத்த ஆங்கில வைத்தியர்களின் வரிசையில் ஃபேரரும் இருந்தார். பாம்புகளைக் கொல்லப் பரிசு கொடுத்தால் சாவு குறையும் என்றும் நம்பினார். சர்க்கார் பரிசு கொடுத்தது. வருஷத்துக்கு லட்சக்கணக்கில் பாம்புகள் கொல்லப்பட்டன. சாவு குறையவில்லை.

1904-ல், 79 வயதில், பிரண்டனோடும் லியனார்ட் ராஜர்ஸ் என்ற டாக்டரோடும் சேர்ந்து இன்னொரு வழியை முன்வைத்தார். கடிவாயைக் கீறி, கிணற்றில் போடுகிற பெர்மாங்கனேட் உப்பை அதில் தேய்ப்பது. ஏழை எளியவரும் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய மருந்தாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். அதுவும் பயனற்றது என்று பின்னால் தெரிந்தது. 1907 மே 21-ல் ஃபால்மத் என்ற கடற்கரை ஊரில் அவர் காலமானார்.

கொச்சி அரண்மனையின் விஷ வைத்தியம்

இங்கிலாந்து ராஜாவின் வைத்தியர் பாம்புக்கு மருந்து தேடினார் என்றால், நம் கொச்சியில் ராஜ குடும்பத்தாரே விஷ வைத்தியர்களாக இருந்திருக்கிறார்கள். கொச்சி அரச குடும்பத்துக் கொச்சுண்ணித் தம்புரான் தொகுத்த 'பிரயோக சமுச்சயம்' என்ற நூல் கேரள விஷ வைத்தியர்களுக்கு முக்கியமான கைநூல். எந்தப் பாம்பின் கடிக்கு என்ன குறி என்று நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லும் மரபு இது. வீக்கம், புண், ஒவ்வாமை போன்றவற்றுக்கு அந்த மருந்துகளை இன்றும் நாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த அறிவை இகழ வேண்டியதில்லை. ஆனால் ஃபேரர் போட்ட கேள்வியை எந்த மருந்தின் முன்னாலும் வைத்துத்தான் ஆக வேண்டும்: முழு விஷம் ஏறிய உயிரை இது மீட்குமா? ரத்தத்தில் கலந்துவிட்ட விஷத்தை முறிப்பதாக இன்றுவரை நிரூபணமான மருந்து ஒன்றே ஒன்றுதான். அது விஷத்திலிருந்தே வருகிறது.

குதிரையும் இருளரும்

1891-ல் வியட்நாமில் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட நாகங்கள் ஒரு கிராமத்துக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அப்போது சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு டாக்டர் ஆல்பர்ட் கால்மெட், பாஸ்டரின் வழி வந்தவர். விஷத்தை மிகச் சிறு அளவில் தொடங்கி ஒரு பிராணிக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தினால், அதன் ரத்தம் விஷத்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கிக்கொள்ளும் என்று கண்டார். குதிரைகளுக்கு இப்படிச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்தார். 1895 வாக்கில் பாம்பு விஷ முறிவு ஊசி பிறந்தது. ஃபேரர் அப்போது எழுபது வயதுக் கிழவர். தாம் தேடியதை வேறொருவர் கண்டதைப் பார்க்க அவருக்கு ஆயுள் இருந்தது.

நம் நாட்டில் இன்று கிடைக்கும் ஊசி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தையும் முறிப்பது. இதைத் தயாரிக்க விஷம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நாம் தலை நிமிரலாம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நெடுங்காலமாக இதற்கு முக்கிய ஆதாரம்.

ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பி வாழ்ந்தவர்கள் இருளர். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, தோல் வியாபாரமும் நின்றதும் பிழைப்பு போயிற்று. அவர்களோடு பழகிய பாம்பு வல்லுநர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978-ல் சங்கம் தொடங்கியது. பாம்பை உயிரோடு பிடிப்பார்கள். சில வாரம் பானையில் வைத்து நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகாத கைகள் செய்கிற இந்த வேலை தேசமெங்கும் உயிர் காக்கிறது. செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஃபேரர் கண்ட மூச்சு வழி என்ன ஆயிற்று? நாகமோ கட்டுவிரியனோ கடித்து மூச்சுத் திணறும் நோயாளியை இன்று ஆஸ்பத்திரியில் செயற்கை சுவாசக் கருவியில் போடுகிறார்கள். கல்கத்தா, லண்டன் சோதனைகளில் மணிக்கணக்கில் நீட்டிய உயிரை இன்று நாள் கணக்கில் தாங்கிப் பிடித்து, முழுதாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நமக்கு என்ன வேண்டும்?

கிட்டங்கியில் மூட்டை புரட்டுகிறவர்கள், வெளியில் தோபிகானாவில் புல்லோரம் துணி உலர்த்துகிறவர்கள், ஒரே அறையில் பத்துப் பேராகத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் எல்லோரும் சில விஷயங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் பெயர். ஆஸ்பத்திரியில் "விரியன்" என்று நாம் சொன்னால் மலையாளிக்குப் புரியாமல் போகலாம். நல்ல பாம்பு இங்கே மூர்க்கன். கண்ணாடி விரியன் அணலி. கட்டுவிரியன் வெள்ளிக்கெட்டன். சுருட்டை விரியன் சுருட்ட மண்டலி. சாரை இங்கே சேர. பாம்பு எது என்று தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். டாக்டர் குறிகளைப் பார்த்தே சிகிச்சை செய்வார். பாம்பைத் துரத்தி அடித்து எடுத்துக்கொண்டு போவதில் நேரத்தைக் கழிக்காதீர்கள், துரத்துகிறவரும் கடிபடுவார்.

இறுக்கிக் கட்டக் கூடாது. ஃபேரர் காலத்தில் அதுவே முதல் உதவியாக இருந்தது. அவரே அதைச் சிபாரிசு செய்தார். இன்று மருத்துவம் அதை வேண்டாம் என்கிறது. கயிறு இறுகினால் கை கால் அழுகிப் போவதுண்டு. கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையாது. கீறினால் அந்த ரத்தமே நிற்காது. மோதிரம், கொலுசு, அரைஞாண், செருப்பு இவற்றைக் கழற்றிவிடுங்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், எலும்பு முறிந்தால் கட்டுவது போல் ஒரு கட்டையை வைத்துத் தளர்த்தியாகக் கட்டுங்கள். ஆளை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். தைரியம் சொல்லுங்கள்.

கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று ஒருவர் சொன்னால், "ராத்திரி குடித்திருப்பான்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கட்டிலோ, நன்றாகச் செருகிய கொசுவலையோ இருந்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

108-க்கு ஃபோன் செய்து பாம்புக் கடி என்று சொல்லுங்கள். விஷ முறிவு ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது, எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சோதனைதான் ஊசி போடலாமா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. "ஒன்றும் செய்யாமல் உட்கார வைத்திருக்கிறார்களே" என்று சண்டை போட்டு ஆளைத் திருப்பி அழைத்து வந்துவிடாதீர்கள். விஷம் இறங்காத கடிக்கு ஊசி தேவையில்லை. ஊசியும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

கணக்கு முடியவில்லை

ஃபேரர் எடுத்த 1869-ஆம் ஆண்டுக் கணக்கு 11,416. ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகக் கேட்டறிந்த சாவு விவரங்களைக் கொண்டு 2020-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். சராசரி ஆண்டுக்கு 58,000. மருந்து கண்டுபிடித்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் இந்த நிலை. காரணம், பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். பலர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன்பே இறந்தவர்கள். அதனால் ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாதவர்கள்.

2017-ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் பாம்புக் கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முதன்மையான இடத்தில் சேர்த்தது. 2030-க்குள் சாவைப் பாதியாக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2024-ல் ஒரு திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு தமிழக சர்க்கார், ஒவ்வொரு பாம்புக் கடியையும் ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எத்தனை பேர் என்று தெரிந்தால்தானே எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரியும்? கல்கத்தாவில் ஓர் ஆங்கில டாக்டர் தொடங்கிய கணக்கு, ஒன்றரை நூற்றாண்டு கழித்து இப்போதுதான் ஒழுங்காக எழுதப்படுகிறது.

ராஜாக்களின் வைத்தியர் என்ற பெருமையெல்லாம் போய்விட்டது. எதையும் சோதிக்காமல் நம்பாதே, தோற்றதைத் தோற்றது என்று சொல் என்று அவர் வாழ்ந்து காட்டிய பாடம் மிச்சமிருக்கிறது. அடுத்த மழையில் கிட்டங்கிக்குள் "பாம்பு கடித்துவிட்டது!" என்று ஒரு குரல் எழுந்தால், கயிற்றைத் தேடி ஓடும் கை ஃபோனைத் தேடட்டும். அது போதும்.